க்ரஷ் பாட்டின் வேகப் பதிப்பை வெளியிடுவது எப்படி: காகிதம், செலவு, நாள் கணக்கு

இன்னும் சொல்லாத ஆசையைப் பற்றி ஒரு பாட்டு செய்திருக்கிறீர்கள். கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் ரீல்ஸில் ஓடுவது எல்லாம் வேகப் பதிப்பு, அதாவது ஸ்பெட் அப். நம் பாட்டுக்கும் ஒன்று செய்து ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் போட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். பாட்டை வேகமாக்குவது பத்து நிமிட வேலைதான். அதைச் சுற்றியுள்ள காகித வேலைதான் வாரக்கணக்கில் இழுக்கும்.

நான் இதை யாரும் சொல்லித்தராமல் ஒவ்வொரு வாசலாகத் தட்டித்தான் தெரிந்துகொண்டேன். பாடலாசிரியரின் சம்மதக் கடிதத்தில் ஒரு வரி இல்லாததால் வெளியீடு நின்றது, கணக்கில் இருந்த சிறு தொகையை எடுக்க வரிப் படிவத்தோடு மல்லுக்கட்டியது எல்லாம் நடந்தது. இந்தியாவிலிருந்து, சொந்தச் செலவில், லேபிள் இல்லாமல் பாட்டு வெளியிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில், இது யாருடைய பாட்டு?

ஒரு பாட்டில் குறைந்தது மூன்று உரிமைகள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று உண்டு. வேகப் பதிப்பு இந்த நான்கையும் தொடுகிறது.

உங்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டை எடுத்து வேகமாக்கி உங்கள் பெயரில் வெளியிட நினைத்தால், இங்கேயே நிறுத்துங்கள். அந்த ஒலிப்பதிவு பெரும்பாலும் ஆடியோ நிறுவனத்தின் கையில் இருக்கும். அவர்கள் எழுத்துபூர்வமாக அனுமதி தராமல் அதை விநியோகிக்க முடியாது. ‘பத்து வினாடிக்குள் இருந்தால் பரவாயில்லை’, ‘கிரெடிட் போட்டால் போதும்’, ‘இருபது சதவீதம் வேகம் மாற்றினால் பிடிபடாது’ என்று பலர் சொல்வார்கள். மூன்றுக்கும் சட்டத்தில் இடம் இல்லை. வேகமும் சுருதியும் மாறிய பதிவுகளை யூடியூபின் தானியங்கிச் சோதனையான கன்டென்ட் ஐடி பல நேரம் அடையாளம் கண்டுவிடுகிறது.

பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவைக் காட்டி ‘கவர் பாட்டுக்கு லைசென்ஸ் உண்டே’ என்று சிலர் கேட்பார்கள். பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகு, முன்கூட்டியே அறிவிப்பும் ராயல்டியும் கொடுத்து, அதைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்வதற்கான வழி அது. குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பதிவை எடுத்து வேகமாக்க அது உதவாது. தனியாளுக்குக் கட்டுப்படியாகும் வழியும் இல்லை.

அமெரிக்கப் பாடகர் ஸ்டீவ் லேசியின் ‘பேட் ஹேபிட்’ ஒரு க்ரஷ் பாட்டு. அதன் வேகப் பதிப்பை 2022இல் அவர் பெயரிலேயே அதிகாரபூர்வமாக வெளியிட்டார்கள். உரிமை கையில் இருந்தால் இதில் சிக்கலே கிடையாது. ஆகவே உங்கள் சொந்தப் பாட்டோடு தொடங்குங்கள். இனி வருவதெல்லாம் அதற்குத்தான்.

2. எழுத்தில் வாங்குங்கள்

நண்பர்கள் சேர்ந்து செய்த பாட்டு, அதற்கெல்லாம் என்ன ஒப்பந்தம் என்று தோன்றும். பாட்டு ஓடாதவரை யாருக்கும் ஒப்பந்தம் தேவைப்படாது; ஓடிய பிறகு கேட்டால் கையெழுத்து கிடைக்காது. அதனால் ரெக்கார்டிங் அன்றே வாங்கிவிடுவது நல்லது.

யார் யாரிடம் வாங்க வேண்டும்? வரிகள் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், இசைக்கோர்வை செய்தவர், கிதாரோ புல்லாங்குழலோ வாசித்தவர். ஒலிப்பதிவுக்கு நீங்கள்தான் பணம் கொடுத்தீர்கள் என்பதற்கு ஸ்டூடியோ ரசீது ஒன்றும் வேண்டும்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். நீங்களோ உலகம் முழுக்க ஓடும் தளங்களில் போடப்போகிறீர்கள்! அதோடு, வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். மூலப் பாட்டை இந்த வருடமும் வேகப் பதிப்பை இரண்டு வருடம் கழித்தும் வெளியிட நினைப்பவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். லைசென்ஸ் முறையில் வாங்கினாலும் இந்தப் பிரிவு பொருந்தும்.

பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சட்டம் தருகிற ராயல்டிப் பங்கை, ஒரு தொகையைக் கையில் கொடுத்து ‘இனி எதுவும் கேட்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கிவிட முடியாது. அதற்கு முயலவும் வேண்டாம்.

வேகப் பதிப்புக்கென்று கடிதத்தில் சேர்க்க வேண்டிய வரி இது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

‘இந்தப் பாடலின் மூலப் பதிவையும், அதன் வேகம் கூட்டிய, வேகம் குறைத்த, குரல் நீக்கிய, சுருக்கிய பதிப்புகளையும் உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முடியும்வரை, எல்லா டிஜிட்டல் தளங்களிலும் வெளியிடச் சம்மதிக்கிறேன். இவற்றில் எந்தப் பதிப்பும் ஓராண்டுக்குள் வெளிவராவிட்டாலும் இந்தச் சம்மதம் செல்லும்.’

இதன் கீழே யாருக்கு எத்தனை சதவீதம் என்று எண்ணில் எழுதுங்கள். மூலத்துக்கும் வேகப் பதிப்புக்கும் ஒரே பங்கா, வேறு வேறா என்பதும் அதில் இருக்கட்டும். ஒரே பங்காக வைப்பதுதான் சண்டை இல்லாத வழி என்பது என் கருத்து. ஒவ்வொருவருடைய பான் அட்டையில் உள்ள பெயர், முகவரி, தேதி, கையெழுத்து எல்லாம் வேண்டும். பெரிய தொகை புழங்கும் என்று தெரிந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதுங்கள்.

பாடியவரிடம் கடிதம் மட்டும் போதாது. வேகப் பதிப்பை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். தன் குரலைச் சிதைத்து நற்பெயரைக் கெடுக்கிறார்கள் என்று எதிர்க்கும் உரிமை பாடுகிறவருக்குச் சட்டப்படி உண்டு. சட்டத்தை விடுங்கள், அது அவருடைய குரல். மூச்செடுப்பது, ஒரு சொல்லில் தயங்கி நிற்பது எல்லாம் பார்த்துப் பார்த்துப் பாடியிருப்பார். அதை மாற்றுகிறோம் என்றால் முதலில் அவர் காதுக்குத்தான் போக வேண்டும்.

இணையத்தில் வாங்கிய பீட், அதாவது தயார்நிலைப் பின்னணி இசை, இருந்தால் அதன் லைசென்ஸைத் தேடி எடுங்கள். வாடகை லைசென்ஸ் என்றால் இத்தனை ஸ்ட்ரீம் வரைதான், இத்தனை வருடம்தான், ஒரே ஒரு பாட்டுக்குத்தான் என்று வரம்பு இருக்கும். வேகப் பதிப்பு அந்த ‘ஒரு பாட்டுக்குள்’ அடங்குமா என்று விற்றவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

3. எந்தக் கோப்பு, எவ்வளவு வேகம்

வாட்ஸப்பில் வந்த எம்பி3 கோப்பை வேகமாக்க வேண்டாம். மிக்ஸிங் செய்தவரிடம் மாஸ்டரிங்குக்கு (வெளியீட்டுக்கு முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்புக்கு) முந்தைய வேவ் கோப்பைக் கேளுங்கள். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் போதும். அதை வேகமாக்கி, அப்புறம் அதற்கென்று தனியாக மாஸ்டரிங் செய்வதுதான் முறை. ‘இரண்டு பதிப்புக்கும் சேர்த்து எவ்வளவு?’ என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் செலவு கூடும்.

மென்பொருளுக்குச் செலவு தேவையில்லை. ஆடாசிட்டி இலவசம். அதில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் விளைவு ஒன்று, சுருதி மாறாமல் டெம்போ (தாள வேகம்) மட்டும் மாறுவது ஒன்று என இரண்டு இருக்கின்றன. ரீல்ஸில் நாம் கேட்கும் அந்தத் துள்ளல் முதல் வகையில்தான் வரும். டெம்போவை மட்டும் கூட்டினால் யாரோ அவசரத்தில் பாடுவது போல இருக்கும்.

இப்போது கணக்கு. 3 நிமிடம் 40 வினாடிப் பாட்டை 1.25 மடங்கு வேகமாக்கினால் 2 நிமிடம் 56 வினாடி. 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 தாளத் தட்டு) 125 ஆகும். சுருதி ஏறக்குறைய 3.9 அரைச்சுரம் உயரும் (கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி ஓர் அரைச்சுரம்). இந்த 3.9 இடைப்பட்ட அளவு. அதன்மேல் கீபோர்டோ கிதாரோ சேர்க்க நினைத்தால் எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராது. அதற்கு 1.26 மடங்கு வையுங்கள், சரியாக நான்கு அரைச்சுரம் வரும். மூன்று அரைச்சுரம் போதும் என்றால் 1.19.

க்ரஷ் பாட்டில் நான் 1.19க்கும் 1.26க்கும் இடையில்தான் நிற்பேன். 1.3ஐத் தாண்டினால் பெரியவர் குரல் குழந்தைக் குரலாகத் தொனிக்க ஆரம்பிக்கும். ஆசையைச் சொல்லும் பாட்டு குழந்தைக் குரலில் கேட்கக் கூடாது. அது கேட்பவரைச் சங்கடப்படுத்தும், பாட்டின் பொருளையும் கெடுக்கும். உயர்ந்த குரல் உள்ள பெண் பாடியிருந்தால் 1.15இலேயே நிறுத்திப் பாருங்கள். கொஞ்சம் கனமான குரல்கள்தான், ஆண் பெண் யாராக இருந்தாலும், வேகத்தை நன்றாகத் தாங்குகின்றன.

ஏன் இந்த வகைப் பாட்டுக்கு வேகம் இவ்வளவு பொருந்துகிறது என்று யோசித்திருக்கிறேன். அவள் எதிரே வரும்போது, அவன் மெசேஜில் ‘டைப்பிங்’ என்று காட்டும்போது, உள்ளே ஓடுவது நிதானமான தாளம் இல்லை. மூலப் பாட்டு தயக்கத்தைப் பாடும், வேகப் பதிப்பு படபடப்பைப் பாடும். அதனால் எல்லாக் காதல் பாட்டுக்கும் இது ஒத்துவராது. பிரிவைப் பாடும் பாட்டை வேகமாக்கினால் அழுகை காணாமல் போய்விடும். உங்கள் பாட்டு ‘சொல்லவா வேண்டாமா’ என்ற இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அங்கே நின்றால் தைரியமாகச் செய்யுங்கள்.

வேகமாக்கிய பிறகு திருத்த வேண்டியவை சில உண்டு. 50 ஹெர்ட்ஸில் இருந்த பேஸ் 62.5க்கு ஏறி அடிப்பகுதி மெலிந்துவிடும், கீழே கொஞ்சம் ஊட்ட வேண்டும். ‘ஸ’, ‘ச’ ஒலிகளின் சீறல் 6, 7 கிலோஹெர்ட்ஸிலிருந்து 8, 9க்குப் போய்க் காதைக் குத்தும், சீறலை அடக்கும் டீ-எஸ்ஸரை அங்கே நகர்த்துங்கள். இரண்டு வினாடி நீண்ட ரிவர்ப் (எதிரொலி) 1.6 ஆகச் சுருங்கும். அது பெரும்பாலும் நல்லதற்கே.

தமிழ் வரிகளில் நான் கண்ட பெரிய சிக்கல் நெருக்கமான அசைகள். 100 பிபிஎம்மில் கால் தாளத்துக்கு ஓர் அசை என்றால் ஒவ்வொன்றுக்கும் 150 மில்லிவினாடி கிடைக்கும். 1.25 மடங்கில் அது 120. ராப் போல அடுக்கிய வரிகள் அங்கே கலங்கிவிடும். வரிகள் தெரியாத ஒருவருக்கு போன் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டி, என்ன கேட்டது என்று சொல்லச் சொல்லுங்கள். பல்லவியே புரியவில்லை என்றால் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கடைசியாக, உச்ச அளவு மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 லஃப்ஸ் (சராசரிச் சத்த அளவு) என்ற அளவுக்குச் சமப்படுத்தித்தான் ஒலிபரப்பும், அதனால் சத்தத்தை ஏற்றிக் கொடுப்பதில் லாபம் இல்லை.

4. பதிப்புரிமைப் பதிவு

கட்டாயம் இல்லை. பாட்டு உருவான நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது. தகராறு வந்தால் கையில் ஒரு சான்று இருக்கட்டும் என்பவர்கள் மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத் தளத்தில் படிவம் 14 வழியாகப் பதிவு செய்யலாம். வரிகளுக்கு 500 ரூபாய், மெட்டுக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000. விண்ணப்பித்ததும் டைரி எண் வரும், அதன்பிறகு ஆட்சேபணைக்காக 30 நாள் கட்டாயம் காத்திருக்க வேண்டும். சான்றிதழ் கைக்கு வர அதைவிட நெடுநாள் ஆகும். வெளியீட்டுத் தேதியை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். கையில் பணம் குறைவு என்றால் வரிகளையும் மெட்டையும் மட்டும் பதிந்துவிடுங்கள். எந்த வேகத்தில் ஓடினாலும் அடிப்படை அவைதான்.

5. விநியோகஸ்தரும் வரிப் படிவமும்

ஸ்பாட்டிஃபையில் நாம் நேரடியாகப் பாட்டேற்ற முடியாது. நடுவில் ஒரு விநியோகச் சேவை வேண்டும். கட்டண முறை மூன்று வகை: ஆண்டுச் சந்தா, பாட்டுக்கு ஒருமுறைக் கட்டணம், கட்டணமே இல்லாமல் வருமானத்தில் பங்கு. ரூட்நோட்டின் இலவசத் திட்டம் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. சிடி பேபி ஒருமுறைக் கட்டணத்தோடு 9 சதவீதம் எடுக்கிறது. டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா முறை. விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் பதிவு செய்யும் நாளில் பாருங்கள். சந்தாவில் ஒரு பொறி உண்டு: புதுப்பிக்கத் தவறினால் சில சேவைகளில் பாட்டு எல்லாத் தளங்களிலிருந்தும் இறங்கிவிடும். அதைத் தடுக்கத் தனிக் கட்டணம் கேட்பார்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு பாட்டு போடுகிறவர்களுக்குப் பங்கு முறையே போதும் என்பேன்.

பணம் கட்டும் முன் வங்கிச் செயலியில் அட்டையின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள். பலருக்கும் முதல் முட்டுக்கட்டை இதுதான்.

அமெரிக்க நிறுவனமாக இருந்தால் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கேட்பார்கள். அதை நிரப்பாமல் விட்டால் அமெரிக்க வருமானத்தில் 30 சதவீதம் பிடித்தம் ஆகலாம். இந்தியா–அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டு நிரப்பினால் ராயல்டிக்கு அது 15 ஆகும். வெளிநாட்டு வரி எண் என்ற கட்டத்தில் உங்கள் பான் எண்ணைப் போடுங்கள். பெயர் பான் அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும், மேடைப் பெயர் கூடாது. கையெழுத்திட்ட ஆண்டும் அதற்கடுத்த மூன்று ஆண்டுகளும் செல்லும். பிறகு புதிதாகத் தர வேண்டும்.

6. படிவம் நிரப்பும்போது

வேகப் பதிப்புக்குத் தனி ஐஎஸ்ஆர்சி எண் வேண்டும். பன்னிரண்டு இடம் கொண்ட அந்த எண்தான் ஒலிப்பதிவின் அடையாளம். மூலத்தின் எண்ணை வேகப் பதிப்புக்குப் போட்டால் இரண்டின் கணக்கும் குழம்பிவிடும். பெரும்பாலான விநியோகஸ்தர்கள் எண்ணை இலவசமாகவே தருகிறார்கள்.

தலைப்பில் பாட்டின் பெயர் மட்டும். ‘ஸ்பெட் அப்’ என்பதைப் பதிப்பு என்று கேட்கும் கட்டத்தில் போடுங்கள். ‘வைரல்’, ‘ரீல்ஸ் ட்ரெண்டிங்’ போன்ற சொற்களைச் சேர்த்தால் திருப்பி அனுப்புவார்கள். கலைஞர் பெயரின் எழுத்து முந்தைய வெளியீட்டில் இருந்தது போலவே இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் புதிதாக ஒரு கலைஞர் பக்கம் முளைத்து, பழைய ரசிகர்கள் பார்க்க முடியாமல் போகும். வேகமாக்கியவர் வேறு ஒருவர் என்றால் அவரை ரீமிக்ஸராகக் குறிப்பிடுங்கள். பாடியவர் பெயரை எடுத்துவிடாதீர்கள்.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல், சதுரம். இன்ஸ்டா முகவரி, பிராண்ட் சின்னம் எதுவும் கூடாது. இன்னொன்று, இது க்ரஷ் பாட்டுக்கே உரியது: பாட்டு யாரை நினைத்து எழுதப்பட்டதோ அவருடைய புகைப்படத்தையோ பெயரையோ கேட்காமல் போடக் கூடாது. அவருக்கே தெரியாத ஒன்றை ஊருக்குச் சொல்லும் வேலை அது.

7. நாள் கணக்கு

வெளியீட்டுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நான்கு வாரத்துக்கு முன் கோப்புகளை ஏற்றிவிட வேண்டும். திருப்பி அனுப்பினால் சரிசெய்ய அவகாசம் இருக்கும். ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற கலைஞர் கணக்குப் பக்கத்தில் பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டை அனுப்புவது வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு முடிய வேண்டும். அப்போதுதான் உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ரிலீஸ் ராடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் நீங்கள் சொன்ன பாட்டு வரும். ஒரு நேரத்தில் ஒரு பாட்டைத்தான் அனுப்ப முடியும், அதை மூலத்துக்கே செலவிடுங்கள்.

மூலமும் வேகப் பதிப்பும் ஒரே நாளிலா? வேண்டாம் என்பேன். 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பணம் தருவதில்லை. இரண்டு பதிப்பும் தனித்தனிப் பாட்டாகவே எண்ணப்படும். 1,400 ஸ்ட்ரீம் வந்து, அது இரண்டிலும் எழுநூறு எழுநூறாகப் பிரிந்தால் இரண்டுக்கும் ஒன்றும் கிடைக்காது. மூலம் முதலில் வந்து கொஞ்சம் காலூன்றட்டும். மூன்று, நான்கு வாரம் கழித்து வேகப் பதிப்பை விடுங்கள். எண்ணிக்கையை ஏற்றித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் போகாதீர்கள். போலி ஸ்ட்ரீமுக்கு விதிக்கப்படும் அபராதம் உங்கள் கணக்கில் வந்து விழலாம், பாட்டையும் எடுத்துவிடுவார்கள்.

இன்ஸ்டாகிராம், யூடியூப் ஷார்ட்ஸ் நூலகங்களில் சேர்க்கும் கட்டங்களை டிக் செய்ய மறக்காதீர்கள். டிக்டாக் இந்தியாவில் 2020 ஜூன் முதல் தடைசெய்யப்பட்டிருந்தாலும் அதையும் டிக் செய்யுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள். துண்டு எந்த வினாடியில் தொடங்க வேண்டும் என்று கேட்டால் முன்னிசையை விட்டுவிட்டு நேரே பல்லவிக்குப் போங்கள். வேகப் பதிப்பில் அந்த நேரக் குறி மாறியிருக்கும்: மூலத்தில் 50ஆவது வினாடி, 1.25 மடங்கில் 40ஆவது.

8. கன்டென்ட் ஐடி

யூடியூபில் பிறர் உங்கள் பாட்டைப் பயன்படுத்தினால் விளம்பர வருமானம் உங்களுக்கு வர இது உதவும். ஆனால் பாட்டில் பலரும் பயன்படுத்தும் லூப்போ (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துணுக்கு) வாடகை பீட்டோ இருந்தால் சேர வேண்டாம். அதே லூப்பைப் பயன்படுத்திய வேறொருவரின் பாட்டை நீங்கள் உரிமை கோரியது போல ஆகிவிடும். சேர்ந்தால், உங்கள் சொந்தச் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி விநியோகஸ்தருக்கு எழுதுங்கள். இல்லையென்றால் உங்கள் வீடியோவுக்கே உரிமைக் கோரிக்கை வரும்.

கோரிக்கை வேறு, ஸ்ட்ரைக் வேறு. கோரிக்கையில் பணம் திசைமாறும், அவ்வளவுதான். ஸ்ட்ரைக், அதாவது பதிப்புரிமை மீறலுக்கான எச்சரிக்கை, 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடலாம். தவறாக வந்த கோரிக்கையை எதிர்த்தால் மறுதரப்புக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அப்போது உங்கள் பக்கம் பேசுவது இரண்டாம் படியில் வாங்கிய அந்தக் கடிதங்கள்தான். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் வையுங்கள்.

வரிகளும் மெட்டும் உங்களுடையவை என்றால், எழுதியவர்களுக்கும் மெட்டமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகவும் விண்ணப்பியுங்கள். வேகப் பதிப்பையும் அங்கே தெரிவியுங்கள். ஸ்ட்ரீமிங் பணம் பொதுவாக இரண்டு மூன்று மாதம் பின்தங்கித்தான் கணக்கில் தெரியும். ஜனவரியில் ஓடிய பாட்டின் பங்கை ஏப்ரல் வாக்கில் பாருங்கள். பாடியவருக்கும் எழுதியவருக்கும் சேர வேண்டியதை, தொகை சிறியதாக இருந்தாலும், கணக்கு விவரத்தோடு அந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.